பொட்டாலை வந்த பிள்ளை

சிவக்கொழுந்து என்ற பெயரைச் சொல்ல வேண்டி வந்தால் ஞானம் மாமி கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிடுவார். தேங்காய் துருவிக்கொண்டிருந்தால் துருவல் நின்றுவிடும். சொல்லி முடித்த பிறகுதான் மறுபடி கை ஓடும். கலியாணம் கட்டி, ரயில்வேயில் வேலை பார்த்த புருஷனோடு எத்தனையோ ஸ்டேசன்களில் குடியிருந்து, பிள்ளைகளை வளர்த்துக் கரைசேர்த்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர் அவர். அந்த நீண்ட வாழ்க்கையில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு வேலியைப் பற்றித்தான். இந்தக் கதையில் அவர் சின்னப் பிள்ளை. ஆகவே ஞானம் என்றே எழுதுகிறேன்.

ஞானாம்பிகை பிறந்தது 1919இல், யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில். அந்த நாளில் கொக்குவிலை ஊர் என்றும் சொல்ல முடியாது, பட்டணம் என்றும் சொல்ல முடியாது. பின்னுக்குப் புகையிலைத் தோட்டங்கள், முன்னுக்குக் காங்கேசன்துறை வீதி. காலையில் பட்டணத்துக் கந்தோர்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வேட்டியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சைக்கிள் ஏறுவார்கள். ஞானத்தின் வீடு இருந்த ஒழுங்கையில், அந்தக் குறுந்தெருவில், மணிக்கூடு வைத்திருந்த வீடுகள் குறைவு. கொழும்பு மெயில் ரயில் ஊதினால் உலை வைப்பார்கள்.

ஞானத்தின் தகப்பன் பரமலிங்கம் வீட்டு வாசலிலேயே சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தார். ஒருவர் உரத்துப் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். வாசிப்பதற்கு நடுவே பரமலிங்கம் ஒரு பகிடி விட்டால் கொட்டிலே சிரிப்பில் குலுங்கும். பக்கத்து வீட்டு வளவில் இருந்தவர் இராசநாயகம். பட்டணத்தில் ஒரு பிறக்டரிடம், அதாவது வக்கீலிடம், கிளாக்கர். காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற கை. கோட்டில் ஒரு பொத்தானைக்கூடத் திறந்துவிட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் மனைவி சின்னாச்சிக்கும் ஒரே பிள்ளை சிவக்கொழுந்து. ஞானமும் கொழுந்தும் ஒரே வயது.

இரண்டு வளவுக்கும் நடுவே பனையோலை வேலி. அந்த வேலியில் ஒரு பொட்டு. ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓலை கட்டாமல் விடுகிற இடைவெளிக்கு எங்களூரில் பொட்டு என்று பெயர். அந்த ஒழுங்கையில் வேலிக்கு வேலி பொட்டு இருந்தது. வீதியில் ஒரு கால் வைக்காமலே ஒரு பெண் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்குப் போய்விடலாம். கறிச்சட்டி பொட்டால் போகும். உப்பு, புளி, நெருப்புத் தணல், ஊர்ச் செய்தி, எல்லாம் பொட்டால் போகும். வாசலால் வருகிறவர்கள் விருந்தாளிகள். அவர்களுக்குப் பாய் விரிக்க வேண்டும். பொட்டால் வருகிறவர்களுக்கு ஒன்றும் வேண்டாம், நேரே அடுப்படிக்கு வந்து சட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

ஞானத்தின் வீட்டுக் கிணறு உவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. இராசநாயகம் வீட்டுக் கிணற்றில் இளநீர் மாதிரித் தண்ணீர். ஆகவே விடிந்ததும் குடத்தோடு பொட்டால் போவது ஞானத்தின் வேலை. குடம் நிறையுமுன் கொழுந்து வந்துவிடுவாள். பிறகு குடத்தை யார் நினைக்கிறது!

"ஏய் ஞானம், தண்ணி அள்ள வந்தனியோ, கிணத்தைக் காவல் காக்க வந்தனியோ?" என்று சின்னாச்சி அடுப்படிக்குள் இருந்து கேட்பார்.

"உங்கடை மகள்தான் விடுறாளில்லை மாமி."

"ஓமோம், அவள் உன்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாளாக்கும்."

இருவரும் பெரிய பிள்ளையானதும் பள்ளிக்கூடம் நின்றது. ஒழுங்கையில் இறங்குவதும் நின்றது. கோயிலுக்கென்றால் தாயோடு போகலாம், அவ்வளவுதான். அதன் பிறகு அவர்களுக்கு இருந்த உலகம் அந்தப் பொட்டுகளுக்கு உள்ளே அடங்கியது. சில வீடு தள்ளி ஒரு வீட்டில் பாட்டுப்பெட்டி வாங்கியிருந்தார்கள். இரண்டு பேரும் பொட்டுப் பொட்டாகப் புகுந்து போய், கடைசி வேலியின் மறைவில் குந்தியிருந்து கேட்பார்கள். பாட்டு முடிகிற இடத்தில் ஊசி கரகரக்கும். கொழுந்து அந்தக் கரகரப்பையும் சேர்த்தே பாடிக் காட்டுவாளாம். இதைச் சொல்லும்போது மாமி சிரிப்பார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார்.

எல்லாம் கெட்டது ஒரு பகிடியால். 1936இல் பிள்ளையார் கோயில் திருவிழா. பூசை முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு வீதியில் நின்றார்கள். இராசநாயகம் வருவதைக் கண்டதும் பரமலிங்கத்தின் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தியளே, இவர் நடந்து வாறதிலை என்ன புதினம்? இவற்றை கதியாலுக்குமெல்லோ கால் முளைச்சிட்டுது! வரியத்துக்கு வரியம் எங்கடை பக்கம் நடந்து வருது!"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வேலிக்கு நட்ட கதியால் நடந்து வருகிறது என்றால், வேலியை அரக்கி நகர்த்திக் காணி பிடிக்கிறார் என்று அர்த்தம். காணி உறுதி எழுதுகிற மனிதனை, நாலு பேர் நடுவில், கோயில் வாசலில். இராசநாயகம் பிரசாதம் வாங்கவில்லை. திரும்பி நடந்துவிட்டார். அவர் அரக்கவும் இல்லை, பரமலிங்கம் அப்படி நினைத்ததும் இல்லை. வாய்க்கு வந்தது, விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஞானத்தின் தாய் சொன்னார், "வேலி அடைக்க முத்துக்குமாரு வரேக்கை உங்கடை வாயையும் ஒருக்கா அடைப்பிக்கவேணும்."

"பகிடிக்குச் சொன்னது. அந்தாள் கோவிச்சா நான் என்ன செய்யிறது?"

"போய் ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன்."

அவர் போகவில்லை. வெட்கம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார்.

அடுத்த கிழமையே முத்துக்குமாரு வந்தான். ஒழுங்கை முழுக்க வேலி அடைப்பது அவன்தான். பழைய ஓலையைப் பிரித்துப் புதிய ஓலை கட்டிக்கொண்டு வந்தவன் பொட்டடியில் நின்றான்.

"ஐயா, பொட்டு விடுறதோ?"

வழக்கமாக இது ஒரு கேள்வியே இல்லை. ஆனால் அன்றைக்குப் பரமலிங்கம் யோசித்தார். தான் விடச் சொல்லி, அவர்கள் வேண்டாம் என்றுவிட்டால்? "அவையைக் கேள்" என்றார்.

முத்துக்குமாரு சுற்றிக்கொண்டு மற்ற வீட்டுக்குப் போனான். இராசநாயகம் பேப்பரை விட்டுத் தலை நிமிர்த்தவில்லை. "என்னை ஏன் கேக்கிறாய்? கால் முளைச்ச வேலி எல்லே, அவரைக் கேள்."

இவரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. முத்துக்குமாரு தலையைச் சொறிந்தான். திறந்தபடி விட்டால் வேலையைப் பாதியில் விட்டவன் என்று கதை வரும். ஓலையும் மிச்சம் இருந்தது. கட்டிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது! யாரும் அடைக்கச் சொல்லவில்லை. இந்த வீட்டில் அவர்கள் அடைப்பித்தார்கள் என்று நினைத்தார்கள். அந்த வீட்டில் இவர்கள் அடைப்பித்தார்கள் என்று நினைத்தார்கள்.

காலையில் ஞானம் குடத்தோடு வந்து புதிய ஓலைக்கு முன்னால் நின்றாள். மறுபக்கம் வளையல் சத்தம் கேட்டது.

"கொழுந்து?"

"ஞானம்! ஏனடி உங்கடை ஐயா அடைச்சவர்?"

"எங்கடை ஐயாவோ? உங்கடை ஐயாதானாம்."

"போடி, அவர் அப்பிடிச் செய்யமாட்டார்."

"அப்ப எங்கடை ஐயா செய்வாரோ?"

அந்த இடத்தில் அவர்களுக்கே கோபம் வந்துவிட்டது. பிறகு அழுகை வந்தது. இரண்டு பேரும் தாய்மாரிடம் ஓடிச் சொன்னார்கள். "சின்னப் பிள்ளையள், உங்களுக்கு என்ன தெரியும்" என்று இரண்டு அடுப்படியிலும் ஒரே பதில். கொஞ்ச நாள் வேலிக்குக் கிட்ட நின்று கதைத்தார்கள். இராசநாயகம் கண்டு, குமர்ப்பிள்ளை வேலியோடு நின்று குசுகுசுக்கக் கூடாது என்று சத்தம் போட்டதோடு அதுவும் போயிற்று.

ஞானத்தின் வீட்டில் உவர்த் தண்ணீரில் தேத்தண்ணி வைத்தார்கள். பரமலிங்கம் முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். சுருட்டுக் கொட்டிலில் பகிடியும் குறைந்தது. ஒரு ஓலையை இழுத்துவிட்டால் தீர்கிற வியாதி. யார் முதலில் இழுப்பது என்பதிலேயே மாதங்கள் போயின.

மாரி முடிய, பக்கத்து வாசலில் டாக்குத்தரின் கார் வந்து நின்றது. அடுத்த நாளும் நின்றது. பால் கொண்டு வருகிற பெண்தான் சொன்னாள், கொழுந்துக்கு நெருப்புக் காய்ச்சல், டைபாயிட், என்று. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ச்சல் மூன்று கிழமை ஏறி நிற்கும். பிறகு இறங்கும், அல்லது ஆளைக் கொண்டு போகும்.

"அம்மா, நான் ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"எதாலை பிள்ளை போவாய்? பொட்டும் இல்லை. வாசலாலை போறதெண்டா அவை கூப்பிடவேணும்."

தாய் பரமலிங்கத்திடம் கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதாம். ஆனால் வாய் வேறு சொன்னது. "அடைச்சது அவை. ஒரு ஓலையை இழுத்து விடட்டும். நான் உடனை அனுப்பிறன்."

அந்த வீட்டிலும் அதே கதைதான். கொழுந்து ஞானத்தைக் கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறாள். "அவை அடைச்சுப்போட்டு இருக்கினம். நாங்கள் போய்க் கூப்பிடுறதோ?" என்றிருக்கிறார் இராசநாயகம்.

ஒரு மத்தியானம். சின்னாச்சி "என்ரை பிள்ளை!" என்று கத்திய சத்தம் வேலியைத் தாண்டி வந்தது. ஞானம் எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. முற்றத்தைக் கடந்து, சுருட்டுக் கொட்டிலுக்கு முன்னாலேயே, பட்டப்பகலில், தனியாக, வாசலால் இறங்கினாள். பேப்பர் வாசித்தவரின் குரல் நின்றது. பரமலிங்கம் பார்த்தார். தடுக்கவில்லை.

ஒழுங்கையால் நடந்து பக்கத்து வாசலைத் திறந்ததும் அந்த வீட்டு நாய் பாய்ந்து குரைத்தது. அவள் கையால் சோறு தின்று வளர்ந்த நாய் அது. வாசலால் வந்த ஞானத்தை அதற்கு அடையாளம் தெரியவில்லை.

சின்னாச்சி வெளியே வந்தார். நின்று பார்த்தார். "வாசலாலை வந்தியோ பிள்ளை!" என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

கொழுந்தின் தலைமயிரை வெட்டியிருந்தார்கள். பாயில் ஒரு சின்னப் பையன் படுத்திருப்பது போல இருந்தது. கண் பாதி திறந்திருந்தது.

"ஞானமோ?"

"ஓமடி, நான்தான்."

"எதாலை வந்தனி?"

ஞானம் பாயோரம் குந்தினாள். பிறகு சொன்னாள். "பொட்டாலைதான். வேறை எதாலை வாறது?"

"திறந்திட்டினமோ?"

"ஓம். திறந்தாச்சு."

கொழுந்து சிரித்தாள். "நான் சொன்னனான்தானே, எங்கடை ஐயா அப்பிடிச் செய்யமாட்டார் எண்டு."

"எங்கடை ஐயாவும்தான்" என்றாள் ஞானம்.

அறை வாசலில் நின்று இதைக் கேட்ட சின்னாச்சி மெல்லப் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் வேலியடியில் ஓலை கிழியும் சத்தம். சின்னாச்சி வெறுங் கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பரமலிங்கத்தின் குரல் கேட்டது.

"ஆரது வேலியிலை?"

"நான்தான் அண்ணை. பொட்டு திறந்திருக்கெண்டு உங்கடை மகள் சொல்லிப்போட்டாள். பிள்ளை நம்பிக்கொண்டு கிடக்குது. எழும்பி வந்து பாத்தா மூடியிருக்கக் கூடாது. ஏன் அண்ணை அடைச்சனீங்கள்?"

"நானோ? நீங்களெல்லோ அடைப்பிச்சது!"

அந்தப் பக்கமிருந்தும் ஓலை கிழியத் தொடங்கியது, இரண்டு மடங்கு வேகமாக.

கொழுந்து கண்ணைத் திறந்தாள். "அதென்ன சத்தம்?"

"மாடு" என்றாள் ஞானம். "ஆற்றையோ மாடு வேலியைக் கடிக்குது."

"துரத்தச் சொல்லடி" என்றாள் கொழுந்து. "பேந்து மாடு உள்ளை பூருது எண்டு பொட்டை அடைச்சுப் போடுவினம்."

ஞானம் மாமி நிறுத்துவது எப்போதும் இந்த இடத்தில்தான். மிச்சத்தை என் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். கொழுந்து அந்தப் பொட்டைப் பார்க்க எழும்பவே இல்லை. மறுநாள் காலையில் போய்விட்டாள். செத்தவீட்டுக்கு ஒழுங்கைப் பெண்கள் எல்லோரும், பொட்டுப் பொட்டாகப் புகுந்து, அந்த வேலியால்தான் வந்தார்கள். அவசரத்தில் பிய்த்த ஓலை, விளிம்பெல்லாம் கூராக நின்றது. பரமலிங்கம் அதன் அருகில் நின்று, வருகிறவர்களின் முகத்தில் கீறாதபடி ஓலையை இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாராம். கையைக் கிழித்து இரத்தம் வந்தது. ஞானத்தின் தாய் வந்து, போதும், கையை எடுங்கோ என்றார். அவர் எடுக்கவில்லை. பாடை வெளிக்கிட்டுப் போகும் வரைக்கும் பிடித்தபடியே நின்றார்.