தையலிலிருந்து வந்த விரல்

இது நடந்தது. கட்டுக்கதை இல்லை. என் அண்ணிக்கு நடந்தது, அண்ணி பொய் சொல்ல மாட்டாள். பொய் சொல்ல அவளுக்குப் பொறுமை கிடையாது. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற ரகம். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். நானும் முதலில் சிரித்தேன். அன்றைக்குத் தன் கட்டைவிரலை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்ற கோலத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இருட்டிய பிறகுதான் இதெல்லாம் நடக்கும் என்று யாராவது நினைத்தால், அது தப்பு. இது நடந்தது பட்டப்பகலில்.

அண்ணி வேலை பார்ப்பது நூலகத்தில். அங்கே இருக்கிற எல்லாப் புத்தகங்களையும் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலையை ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் அண்ணிக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கண் மங்கிப்போன எங்கள் அப்பா இன்றைக்கும் கைப்பேசியில் எழுத்தை இழுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறார் என்றால், அது அவள் சொல்லிக்கொடுத்தது. அவளுக்குப் பொறுக்காதது வேறு. படமெடுத்து முடித்த புத்தகத்தைக் காகிதக் கூழுக்கு அனுப்பினார்கள். கேட்டால், இடம் வேண்டுமாம்.

அதற்கும் ஒரு விதி இருந்தது. ஒரு பக்கம் சரியாக விழவில்லை என்றாலும் அந்தப் புத்தகத்தைக் கூழுக்காக வெளியே விடக் கூடாது. புத்தகம் பிடிக்கிறவரின் விரல் படத்தில் விழுந்துவிட்டால் அந்தப் படம் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும். அதற்காகவே நீல நிற ரப்பர் விரலுறை கொடுத்திருந்தார்கள். விரல் தப்பித்தவறி விழுந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும்.

நிறுவனத்துக்கு ஆள் போதவில்லை என்று அண்ணியை அந்த அறைக்கு அனுப்பினார்கள். வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும் என்பதால் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. நடுவில் ஒரு மேசை. புத்தகத்தை விரித்து வைக்க ஒரு தொட்டில், மேலே இரண்டு கேமரா, இரண்டு விளக்கு. காலடியில் பெடல். மிதித்தால் கண்ணாடி இறங்கிப் பக்கத்தை அழுத்தும். டிக். படம் பக்கத்துத் திரையில் வரும். கண்ணாடி ஏறும், தாளைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. உள்ளே அவள் மட்டும்தான்.

அவளிடம் வந்தது கிணறுகளைப் பற்றிய ஓர் ஆய்வின் இரண்டாம் பாகம். எந்த ஊரில் எந்தக் கிணறு, எவ்வளவு ஆழம், தண்ணீர் எப்படி என்று யாரோ ஒருவர் ஊர் ஊராக நடந்து, எட்டிப் பார்த்து, குடித்துப் பார்த்து எழுதியது. உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான். முதல் பாகம் அண்ணி அந்த அறைக்கு வருவதற்கு முன்பே படமாகி, கூழாகியும் போய்விட்டது.

காலை பதினொன்று பத்து இருக்கும். முதல் தாளைத் திருப்பினாள். திரும்பவில்லை.

ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒட்டவில்லை. மெதுவாக இழுத்தாள். எதிர்ப்பக்கம் யாரோ பிடித்திருப்பது போல் ஓர் இழுவை. சிறிது நேரம். பிறகு விட்டது. யாரோ பாதிப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்து, முடித்துவிட்டு, சரி, திருப்பு என்று விட்டது போல இருந்ததாம்.

டிக்.

திரையில் ஒரு கட்டைவிரல்.

"சே, என் விரல்தான்" என்று கையை நன்றாக விலக்கிக்கொண்டு மறுபடி மிதித்தாள். டிக். அதே விரல். அப்போதுதான் கவனித்தாள்... விரலுறை இல்லை. வெறும் விரல். நகம் வரிவரியாக, நுனி தட்டையாக, வயதான விரல்.

அண்ணி தன் கையைப் பார்த்தாள். நீல உறை அப்படியே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் எழுந்து ஓடியிருப்பார்கள். நான் ஓடியிருப்பேன், சத்தியமாக. அண்ணிக்குக் கோபம் வந்தது. அவள் ஒழுங்காகச் செய்கிற வேலையில் எவனோ விரலை நீட்டுகிறான் என்று கோபம்.

இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

மிதித்தாள்.

டிக்.

விரல் இருந்தது.

"யாரா இருந்தா எனக்கென்ன? கையை எடு!" என்று உரக்கச் சொன்னாள்.

அறைக்குள் ஒரு சத்தம். மூச்சு மாதிரி... மிகப் பக்கத்தில். நாற்காலிக்குப் பின்னாலிருந்து இல்லை. கீழேயிருந்து. தொட்டிலிலிருந்து.

மறுபடி மிதித்தாள்.

டிக்.

விரல் இன்னும் நீளமாக வந்திருந்தது.

அண்ணி திரைக்கு அருகே குனிந்தாள்.

விரல் பக்கத்தின் ஓரத்திலிருந்து வரவில்லை.

இரண்டு பக்கமும் சேருகிற நடுவிலிருந்து வந்திருந்தது.

தையலிலிருந்து.

அவள் வெளியே வந்து வராந்தாவில் நின்று ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். பிறகு மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேலாளர் என்றால் அந்த நிறுவனத்து ஆள், அவளைவிட இளையவர், எதற்கும் அவசரம்.

"மேடம், உங்க விரல்தான். இதுக்குப் போயா இவ்வளவு? விரல் எடுக்குற மென்பொருள் இருக்கு, பாருங்க."

ஒரு சொடுக்கு. விரல் மறைந்தது. விரல் இருந்த இடத்தில் எழுத்துகள் வந்து உட்கார்ந்தன. ஒரு கிணற்றைப் பற்றிய வரி. "குடிக்க உகந்தது" என்று இருந்தது.

அண்ணி தொட்டிலில் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். அதே வரி. அங்கே அச்சில் இருந்தது, "குடிக்க உதவாது".

"இதை யார் எழுதினது?"

"சிஸ்டம் ஊகிச்சு நிரப்பும், மேடம். நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரியா இருக்கும்."

"மிச்சம் ஒண்ணை நம்பிக் குடிச்சவன் வீட்டுக்கு நீங்க போய்ச் சொல்வீங்களா?"

மேலாளர் முகம் சுருங்கியது. "அப்ப விரலே விழாம பண்ணிடலாம். புத்தக முதுகுத் தையலை வெட்டித் தாளைத் தனித்தனியா எடுத்து மெஷின்ல விட்டா கையே வேண்டாம். முதல் பாகத்தை அப்படித்தான் முடிச்சோம்."

"வெட்டிட்டா, அப்புறம் சிஸ்டம் எதையாவது மாத்தினா எதை வச்சு ஒத்துப்பார்ப்பேன்?"

"ஒத்துப்பார்க்கவே வேண்டாம் மேடம், அதுக்குத்தானே சிஸ்டம்."

"முதல் பாகத்துல எத்தனை கிணறு மாறிச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மேலாளர் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். தெரிந்தால்தானே சொல்ல. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை என்பது அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. கிணறுகள் அங்கேயே இருக்கின்றன, மக்கள் இறைத்துக் குடிக்கிறார்கள், எழுதினவர் சொன்னது என்ன என்று கேட்க ஆள் இல்லை. திரும்பிப் போய் மிச்சப் பக்கங்களையும் எடுத்து முடித்தாள். எல்லாவற்றிலும் விரல்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் தொட்டில் காலி. அண்ணி படிகளில் இரண்டிரண்டாகத் தாவிக் கீழே பைண்டிங் அறைக்கு ஓடினாள்.

கட்டிங் மெஷினில் புத்தகம் ஏற்கெனவே ஏறியிருந்தது. முதுகு பிளேடுக்குக் கீழே. இரண்டு பொத்தானையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். அழுத்த வேண்டியவர் கட்டிங் அண்ணன், நூலகத்தில் பழைய ஆள். அவர் கையைப் பொத்தானில் வைக்காமல் வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். மேலாளர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

அண்ணி நேரே போய் பிளேடுக்குக் கீழே, புத்தகத்தின் முதுகில், தன் கையை வைத்தாள்.

"வெட்டுங்க" என்றாள்.

"மேடம், பைத்தியமா உங்களுக்கு? கையை எடுங்க!"

"விரல் விழுந்த பக்கம் இருக்கிற வரைக்கும் புத்தகம் வெளியே போகக் கூடாது. உங்க விதி. அவ்வளவு பக்கத்துலயும் விரல் இருக்கு. வெட்டணும்னா என் கையோட வெட்டுங்க."

அப்போதுதான் அது நடந்தது.

அவள் கைக்குக் கீழே முதுகு அசைந்தது.

மெல்ல... தையலுக்குள்ளிருந்து...

ஏதோ ஒன்று வந்து அவள் கட்டைவிரலைச் சுற்றியது.

பிடித்தது.

இறுக்கிப் பிடித்தது.

எலும்பு வலித்தது.

கையை இழுத்தால் வந்திருக்கும் என்கிறாள் அண்ணி. குழந்தை கூட்டத்தில் பிடிக்கிற பிடிதானாம் அது, பயத்தில் இறுக்குகிற பிடி. ஆனால் இழுத்தால் புத்தகம் போய்விடும். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு, அவளும் அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

"முடியாது" என்று மேலாளரைப் பார்த்துச் சொன்னாள். "என்ன வேணா பண்ணிக்கோங்க. முடியாது."

கட்டிங் அண்ணன் குனிந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். பிடுங்கி, ஒயரைச் சுருட்டித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றுவிட்டார். மேலாளர் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். மேலிடத்தில் சொல்வேன் என்றார். சொல்லவும் செய்தார். அண்ணியை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்காக அவள் அழவில்லை. நூலகத் தலைவர் விரல் விழுந்து செல்லாமல் போன படங்களைப் பார்த்தார், விதியைப் படித்தார், புத்தகத்தை அலமாரிக்கே திருப்பி அனுப்பினார். அதுதான் அவளுக்கு வேண்டியது.

கட்டிங் மெஷினில் கை வைத்த அன்றைக்குத்தான் அவள் கட்டைவிரலைப் பொத்திக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். விரலைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு சிவப்பு வளையம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

சில வாரம் கழித்துத் தேநீர் இடைவேளையில் அண்ணி கேட்டாள், "ஏண்ணே அன்னைக்கு பிளக்கைப் பிடுங்கினீங்க? உங்க வேலைக்கும்தானே ஆபத்து?"

கட்டிங் அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முதல் பாகத்தை நான்தான்மா வெட்டினேன். காலம் பூரா காகிதம் வெட்டறேன். காகிதம் அறுபடற சத்தம் எனக்குத் தெரியும். அது காகிதம் இல்ல."

"பின்ன என்ன?"

"எலும்பு. கறிக்கடைல கேட்டிருப்பியே, அந்தச் சத்தம். வெட்டின முதுகைக் கையில எடுத்தேன்... சுட்டுச்சும்மா. உடம்பு சூடு."

அண்ணி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். நேரே கம்ப்யூட்டரில் அந்தச் செல்லாத படங்களைத் திறந்தாள். தன் கையைத் திரையில் வைத்து விரலோடு விரல் பொருத்திப் பார்த்தாள். முதலில் வலது கை. பொருந்தவில்லை. பிறகு இடது கை. விரலின் சாய்வு அப்படியே பொருந்தியது. அடுத்த படம். இடது. அடுத்தது. இடது. இடப்பக்கத்துத் தாளிலும், வலப்பக்கத்துத் தாளிலும், ஒன்று விடாமல் எல்லாப் படத்திலும் இடது கட்டைவிரல்தான்.

புத்தகத்தைப் பிடிக்க ஒரு மனிதருக்கு இரண்டு கை வேண்டும்.

வலது கை ஒரு படத்தில்கூட இல்லை.

இதை அவள் சொல்லி முடித்ததும், "அண்ணி, இன்னும் அங்கேயே வேலைக்குப் போறீங்களே... பயமா இல்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கெதுக்குடி பயம்?" என்றாள் அண்ணி. "ஒரு கையை வெட்டினவங்க பயப்படட்டும். இருக்கிற கையை நான் வெட்ட விட மாட்டேன்."