மஞ்சள் கோடு போட்ட போல்ட்

காரை சர்வீசுக்கு விடப் போனால் கவுண்டரில் இருக்கும் பையன் ஒரு பட்டியல் வாசிப்பான். ஏசி ஃபில்டர் மாத்தணும் சார், பிரேக் பேட் பாக்கணும் சார், எதிலேயோ எதையோ ஊற்றிக் கழுவணும் சார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். கூடவே உங்கள் இடது கிட்னியையும் மாற்றிவிடலாம் என்று அவன் சொன்னால், "கம்பெனி கிட்னிதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவேன் என்பது என் மனைவியின் கணிப்பு. அதே வேலையைப் பாதி விலைக்குச் செய்கிற ஷெட் அம்பத்தூரில் தெருவுக்கு ஒன்று இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஒரு போல்ட்டைக்கூடத் தொட மாட்டேங்கிறீங்க, உங்க அப்பா ஃபேக்டரியில என்னதான் வேலை பாத்தார்?" என்று அவள் ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். பேச்சை மாற்றுவதில் எனக்கு முப்பத்தைந்து வருட அனுபவம் இருக்கிறது.

அப்பா ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்கிற தொழிற்சாலையில், எஞ்சின் பிரிவில் செக்கர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர். ஒருவர் போல்ட்டை முறுக்குவார். அப்பா போய்த் தொட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் அதன் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுப்பார். கோடு விழுந்த போல்ட்டை அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. இறுக்கத்தை அளக்க மீட்டர் வைத்த ஸ்பானர் ஒன்று உண்டு. அப்பா அது இல்லாமலே, கையால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, இத்தனை என்று எண்ணைச் சொல்வார். பிறகு மீட்டரை மாட்டினால் முள் அதே எண்ணில் போய் நிற்குமாம். இதை வைத்து கேன்டீனில் டீ பந்தயம் நடக்கும். உங்கப்பா சர்வீஸ்ல டீக்குக் காசே குடுத்ததில்லடா என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் பத்து மடங்காக்கிச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வரிசையிலேயே கார் வைத்திருந்தது நாங்கள்தான். கார் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டி அலுத்துப்போன வண்டி அது. நம்பர்தான் அதன் பெயர்: எண்ணூத்திப் பதினொண்ணு. அதை கம்பெனி சர்வீசுக்கு விடுவதை அப்பா தன்மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டிருந்தார். டேங்க்கு எஞ்சினை இறக்கி ஏற்றுகிறவன், ஆயில் மாற்றுவதற்குப் போய் கம்பெனிக்காரனிடம் கைகட்டி நிற்பதா என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. நசரத்பேட்டையில் வீடு, நகரத்தில் ஆபீஸ் வேலை. தன் ஸ்கூட்டரின் பஞ்சரைக்கூட ரசீது இல்லாமல் ஒட்ட மாட்டார். கம்பெனி முத்திரை இருந்தால்தான் விற்கும்போது விலை போகும் என்பார். "விக்கதுக்கா மாப்ளே நான் வண்டி வாங்கினேன்?" என்பார் அப்பா. இந்த விவாதம் வருடத்துக்கு நாலு தடவை, ஒரு வார்த்தை மாறாமல் நடந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசல் ஃபேக்டரியாகிவிடும். முன்சக்கரங்களைப் பலகையில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்து, அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் நுழைவார். எஞ்சினின் அடிவயிற்றில் இருக்கிற போல்ட்டைக் கழற்றினால் கறுத்த ஆயில் கொழகொழவென்று தட்டில் இறங்கும். அந்தப் பழைய ஆயிலுக்கு ஒரு கூட்டமே காத்திருக்கும். கேட் கீலுக்கு, சைக்கிள் செயினுக்கு, கரையான் அரிக்கிற கட்டில் காலுக்கு என்று ஆளுக்கொரு பாட்டிலோடு வருவார்கள். அப்பா ரேஷன் கடைக்காரர் மாதிரி ஊற்றிக்கொடுப்பார், ஆனால் அளவில் குறைக்க மாட்டார்.

முறுக்கியவன் சோதிக்கக் கூடாது என்பது ஃபேக்டரி சட்டம். அதனால் வீட்டில் செக்கர் வேலை எனக்கு. வயது பத்து. கருவி, வகுப்பிலிருந்து சுட்ட ஒரு மஞ்சள் சாக்பீஸ். அப்பா முறுக்கிவிட்டு வெளியே வருவார். நான் உள்ளே போய், ஸ்பானரை மாட்டி என் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்ப்பேன். அசையாவிட்டால் போல்ட்டின் தலையில் கோடு போட்டு, "பாத்தாச்சு" என்று கத்த வேண்டும். அப்பா எனக்கு ஒரு சல்யூட் அடிப்பார். விளையாட்டுக்கு இல்லை, நிஜமாகவே அடிப்பார். அவர் சட்டத்தில் செக்கர் என்றால் செக்கர்தான், வயதெல்லாம் கணக்கில் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேறொரு பதவியும் இருந்தது. அடுத்த பிளாக்கோடு கிரிக்கெட். ஓப்பனிங் இறங்க வேண்டியவன் நான். நேரத்துக்கு வராவிட்டால் என் இடம் ஒரு இடதுகைக்காரனுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா அடியில் படுத்து போல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் எதிர் வீட்டம்மா பாட்டிலோடு வந்து, கேட் சுத்தமாகத் திறக்கவே மாட்டேன் என்கிறது, ஒரு கை பாருங்களேன் என்றார். அப்பா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏல, விரலாலதான் திருகியிருக்கேன். ஸ்பானர் போடலை. வந்து போடுதேன், இரு."

தெளிவாகச் சொன்னார். தெளிவாகக் கேட்டது. இதில் ஏதாவது சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுக்க முடியுமா என்று இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எதிர் வீட்டு கேட்டை அப்பா சும்மா ஆயில் விட்டுத் திரும்பவில்லை. கழற்றி, நிமிர்த்தி, மறுபடி மாட்ட ஆரம்பித்தார். மைதானத்திலிருந்து விசில் கேட்டது. நான் யோசித்தேன். எப்படியும் அப்பா வந்து முறுக்கப் போகிறார், எப்படியும் இறுக்கமாகத்தான் இருக்கும், எப்படியும் நான் கோடு போடப் போகிறேன். வரிசை கொஞ்சம் மாறினால் என்ன? உள்ளே நுழைந்து கோட்டைப் போட்டேன். "பாத்தாச்சு" என்று மட்டும் கத்தவில்லை. அந்த அளவுக்கு நேர்மை இருந்தது. ஓடிப் போய் இரண்டாவது பந்தில் அவுட்டானேன்.

அப்பா திரும்பி வந்து பார்த்திருக்கிறார். மஞ்சள் கோடு இருக்கிறது. கோடு விழுந்த போல்ட்டைத் தொடக் கூடாது. போவதற்கு முன்பே ஸ்பானர் போட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துப் புது ஆயிலை ஊற்றிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா மகளுக்குத் திருவேற்காட்டில் காது குத்து. எண்ணூத்திப் பதினொண்ணில் இரண்டு குடும்பமும் அடைந்துகொண்டு போனோம். காது குத்தி முடித்து, சாப்பாட்டுக்காக மாமா வீட்டுக்கு நசரத்பேட்டை கிளம்பினோம். வண்டிக்குள் ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அதன்மேல் அத்தை பிரசாதத் தட்டைச் சாய்த்து வைத்திருந்தாள். பூந்தமல்லி தாண்டவில்லை, பானட்டுக்குள் யாரோ தகரத்தைச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். அப்பா ஓரம் கட்டுவதற்குள் எஞ்சின் ஒரு உதறு உதறி அப்படியே இறுகிவிட்டது.

பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, படுத்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"ஆயில் சொட்டுகூட இல்ல சார். போல்ட்டு எங்கியோ வுழுந்துகீது. இஞ்சினு சீஸ் ஆயிடுச்சு. யாராண்ட சர்வீஸ் வுட்ட?"

மாமாதான் பேசினார். "அத்தானே கம்பெனி, அத்தானே மெக்கானிக்."

மெக்கானிக் வெளியே வந்து அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "கையால சுத்தி வுட்டுகீறாங்க போல. ஸ்பானர் போட்டுருந்தா இது கயலாது சார்."

அப்பா என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. ஃபேக்டரியில் ஒரு செக்கர் இன்னொரு செக்கரிடம் கேட்பது போலக் கேட்டார்.

"நான் ஸ்பானர் போட்டேனால?"

ராணுவக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு அப்போது இரண்டே தண்டனைகள்தான் தெரியும். ஒன்று பெல்ட், இன்னொன்று ராணுவக் கோர்ட். அம்மா, மாமா, அத்தை, காது வீங்கிய குழந்தை எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள்.

"போட்டீங்கப்பா. நான் இழுத்துப் பாத்துட்டுத்தான் கோடு போட்டேன்."

அப்பா தன் வலது கையைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பி மறுபடி பார்த்தார். "அப்ப கைக்குத்தான் தெரியலை" என்றார், யாரிடமும் இல்லாமல்.

நான் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. டவுசர் பையில் தடயம் இருந்தது. அந்த மஞ்சள் சாக்பீஸை மோப்பநாய் கண்டுபிடித்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. புளியமரத்துக்குப் பின்னால் ஒண்ணுக்குப் போகிற சாக்கில் போய், கடித்து மென்று விழுங்கிவிட்டேன். தூக்கி எறிந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். பத்து வயதில் பயம் வந்தவனுக்கு எறிகிற மூளை இருக்காது.

ஆட்டோ பிடித்து நசரத்பேட்டை போய்ச் சேர்ந்தோம். மாமா வீட்டுக் காது குத்துச் சாப்பாட்டில் பாயசம் வருவதற்குள் நான் இலையிலேயே வாந்தி எடுத்தேன். பளிச்சென்ற மஞ்சள். அத்தை என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, மஞ்சள் காமாலை என்று தலையில் அடித்துக்கொண்டாள். ரோட்டில் அநாதையாக நின்ற காரை எல்லோரும் மறந்தார்கள். அப்பா என்னைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு பூந்தமல்லி வரைக்கும் நடந்து வந்து பஸ் ஏறினார்.

ஒன்பது நாள் கீழாநெல்லி அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தார்கள். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. ஆயில் இல்லாமல் எஞ்சினுக்கு என்ன ஆகும் என்பதை நான் முழுசாக அனுபவித்தேன். அப்பா தினமும் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் இளநீர் வாங்கிவந்தார். என் கண் இமையைக் கீழே இழுத்து, மஞ்சள் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். அவர் விரல்கள் அவ்வளவு பக்கத்தில் இருந்தன. ஒன்பது நாளும் சொல்லியிருக்கலாம். பத்தாம் நாள் எனக்கு இட்லி கொடுத்தார்கள். நான் கேஸ் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

வண்டியை மாமாவே ஏற்பாடு செய்து கம்பெனி சர்வீசுக்கு இழுத்துப் போனார். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சம் பிடித்ததையெல்லாம் அந்த ஒரு பில் விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது. அப்பா வாதாடவில்லை. அதற்குப் பிறகு அவரே வண்டியை அங்கே கொண்டுபோக ஆரம்பித்தார், ஆயிலுக்கு மட்டும் இல்லை, வைப்பர் ரப்பர் மாற்றக்கூட. ஸ்பானர் செட்டைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் இரவல் கேட்டார், கொடுத்தார், திருப்பிக் கேட்கவில்லை. ஒன்றிரண்டு பேர் பழைய வழக்கப்படி பாட்டிலோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எனக்கோ ஒரே கொண்டாட்டம். கொஞ்ச நாளில் அப்பா கிரீஸ் படாத சட்டையோடு வீடு திரும்ப ஆரம்பித்தார். ஸ்டோர்ஸ் பிரிவுக்கு மாறிவிட்டாராம், மேஜை நாற்காலி வேலை. அம்மாவுக்குத் துவைக்கிற பாடு குறைந்தது. நான் வகுப்பில் அப்பாவுக்குப் பிரமோஷன் என்று சொல்லி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன்.

கல்லூரி முடிக்கிற வருடம்தான் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். கேன்டீனில் பழையபடி பந்தயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா எண் எதுவும் சொல்லாமல், மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுந்துவிட்டாராம். கோடு போடவே கை வரவில்லை என்று தானே எழுதிக்கொடுத்து ஸ்டோர்ஸுக்குப் போனாராம். "அதுக்கப்புறம் உங்கப்பாதான்டா எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாரு" என்றார். அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். போனதும் ஒரு ஜோக் சொன்னேன். அவர் சிரித்தார். பிறகும் பல தடவை சொல்லப் போனேன், ஒவ்வொரு தடவையும் ஒரு ஜோக். எனக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்று கடைசிவரை நம்பிக்கொண்டு அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது.

முதல் தடவை அவரோடு அந்தக் கம்பெனி சர்வீசுக்குப் போனது நினைவிருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு ஏசி அறை, சோபா, கண்ணாடிக் குவளையில் ஐஸ் தண்ணீர். நாங்கள் பணக்காரர்களாகிவிட்டோம் என்று முடிவு செய்து நான் மூன்று குவளை குடித்தேன். அப்பா உட்காரவில்லை. பெரிய கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் எண்ணூத்திப் பதினொண்ணின் அடியில் யாரோ ஒருவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் ஸ்பானரை ஒரு இழுப்பு இழுத்தபோதெல்லாம், தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்த அப்பாவின் வலது கை லேசாகத் திரும்பி, நடுங்கி, நின்றது.

அவருக்கு ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.