வெளியே போகும் கால்

கொட்டகையில் அவளுக்குத் திருகாணி என்று பெயர். ஜெர்பரா பூவைக் கத்தியால் அறுக்கக் கூடாது. காம்பின் அடியைப் பிடித்து லேசாகச் சாய்த்து ஒரு திருகு திருகினால் பூ கையோடு வந்துவிட வேண்டும். அறுத்தால் மிஞ்சுகிற துண்டு அழுகும், செடியையும் கூடவே கொண்டுபோகும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்கப் பூவுக்குப் பதில் செடியைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். இவள் பதினான்கு வருடத்தில் பிடுங்கிய செடிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மூன்று பாலிதீன் கொட்டகைகள். உள்ளே மருந்தடித்தால் ஆறு மணி நேரம் யாரும் போகக் கூடாது என்று மருந்து டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. டப்பாவை யாரும் படிப்பதில்லை. பத்து மணிக்கு லாரி வந்துவிடும், அதற்குள் பூ வாளியில் நிற்க வேண்டும். ஆகவே முன்னால் மருந்தடிக்கிறவர் போவார், அவர் பின்னாலேயே பெண்கள் போவார்கள். அவருக்கு முகமூடி உண்டு. இவர்களுக்கு, வாயைச் சுற்றிக் கட்டிய பழைய துணி.

ஐந்து வருடமாக இருமல். போன வருடம் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்.

"மாத்திரை தர்றேன். ஆனா அந்தக் காத்தை விட்டு வெளிய வந்தாத்தான் இருமல் நிக்கும். இன்னும் ரெண்டு வருஷம் அங்கயே இருந்தா நான் தர்ற எதுவும் கேக்காது."

"வெளிய வந்தா சோறு யாரு போடுவா டாக்டர்?"

"அதைச் சீட்டுல எழுத முடியாதும்மா."

வழி கொட்டகைக்கே வந்தது. கன்று கொண்டுவந்து கொடுக்கும் நர்சரிக்காரர் ஒருநாள் அவள் பூப் பறிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நர்சரியில் நிழல்வலைக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. நாலு பக்கமும் காற்று. இந்த மாதிரி மருந்துப் புகை கிடையாது.

"எனக்கு ஒரு ஆள் வேணும்," என்றார். "ஆனா பூப் பறிக்கிற கை வேற, கன்னு வளக்கிற கை வேற. நாப்பது கன்னு தர்றேன். உங்க வீட்டுல வைங்க. மூணு மாசம் கழிச்சு வருவேன். முப்பத்தஞ்சு நின்னா நீங்க என் ஆள்."

வீட்டில் அவளும் நாத்தனாரும்தான். புருஷன் லாரி ஓட்டப் போன இடத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். அவன் போனான், அவன் தங்கை போகவில்லை. பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள், நாக்கும் ஊசிதான். "அவன் ஓடிட்டான் அண்ணி. ஜாமீன் கையெழுத்துப் போட்டவ மாதிரி நான்தான் மாட்டிக்கிட்டேன்" என்பாள். பதினோரு வருடமாக அப்படி மாட்டிக்கொண்டு, ஒரு நாள்கூட வேறு வீடு தேடினவள் இல்லை.

கொல்லையில், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவே, அவள் ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தி கட்டினாள். மணல், எரு, தேங்காய்நார்த் தூள். கன்றை வைக்கும்போது இலைகள் கிளம்புகிற கழுத்து மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே நிற்க வேண்டும். மண் மூடினால் செத்தது. தண்ணீரைத் தலையில் கொட்டக் கூடாது, வேரடியில் விட வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

நாலரை மணிக்கு வேலை விட்டால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டாள். பக்கத்துச் சந்து வழியாக நேரே கொல்லைக்குப் போவாள். போட்ட செருப்போடு வரிசை வரிசையாக நடந்து, பழுத்த இலையைக் கிள்ளி, களையெடுத்து, ஒவ்வொரு கழுத்தையும் விரலால் தடவிப் பார்ப்பாள்.

"உள்ள ஒரு மனுஷி டீயைப் போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்," என்று நாத்தனார் ஜன்னல் வழியாகச் சொல்வாள். "செடிக்குக் கொடுத்தது போக மிச்சம் மீதி இருந்தா எனக்கும் கொஞ்சம் முகம் காட்டு."

பத்தாவது வாரம் பூத்தது. ஆரஞ்சு, ரோஸ், நடுவில் கருவிழி வைத்த மஞ்சள். நாற்பதும் நின்றன. அந்த வாரம் அவள் கொட்டகைப் பெண்களிடம், "இன்னும் ஒரு மாசம், அப்புறம் உங்க மூஞ்சியப் பாக்க மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

பதினோராவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியான வெயிலில் ஒரு செடி துவண்டு கிடந்தது. சாயங்காலம் எழுந்து நின்றது. மறுநாளும் துவண்டு எழுந்தது. நாலாம் நாள் எழுந்திருக்கவில்லை. அதற்குள் இன்னும் மூன்று.

"நீ சோப்புத் தண்ணிய எங்க ஊத்துற?" என்று நாத்தனாரிடம் கேட்டாள்.

"எங்க ஊத்தறது, என் தலையிலயா? கல்லுல துவைச்சா தண்ணி கீழதான் போகும்."

"என் செடி சாகுது."

"செடி சாகுதுன்னா என்னைக் கேளு. உன் புருஷன் ஓடினதுக்கும் என்னைக் கேளு."

மூன்று நாள் பேச்சில்லை. ஆனால் நாத்தனார் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயடிக்குப் போய்த் துவைத்தாள். வாய் பேசாவிட்டாலும் கை பேசும் என்கிற ரகம். செடிகள் அதற்கும் மசியவில்லை. இவள் இன்னும் அதிகமாகத் தடவிப் பார்த்தாள், இன்னும் அதிக நேரம் நடந்தாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மூன்றாம் கொட்டகையில் சூப்பர்வைசர் ஒரு செடியைப் பிடித்துத் தூக்கினார். தலை மட்டும் கையோடு வந்தது. கழுத்துக்குக் கீழே கறுப்பாக, கூழாக இருந்தது.

"போச்சு. மண்ணுல வந்துடுச்சு. மூணை முழுக்கப் பிடுங்கணும்," என்றார்.

அவளுக்கு அந்தக் கறுப்பு தெரியும். முந்தின சாயங்காலம்தான் கொல்லையில் பார்த்திருந்தாள். பக்கத்தில் நின்ற மருந்தடிக்கிறவரிடம் கேட்டாள்.

"இது எப்படிண்ணே பரவும்?"

"தண்ணியில. கையில. முக்கியமா கால்ல. அதுக்குத்தானே வாசல்ல தொட்டி."

ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் ஊதா நிற மருந்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நனைக்காமல் போனால் அரை நாள் கூலி பிடிப்பார்கள்.

"வெளிய போறப்ப நனைக்கச் சொல்லலியே?"

அவர் புரியாமல் பார்த்தார். "வெளிய போறப்ப எதுக்கு? வெளிய என்ன இருக்கு?"

வெளியே என்ன இருக்கிறது என்று பதினான்கு வருடத்தில் அங்கே யாரும் யோசித்ததில்லை. அவளும்தான். எந்தச் செருப்போடு மூன்றாம் கொட்டகையில் நடந்தாளோ அதே செருப்போடு நேரே பாத்திக்கு நடந்திருக்கிறாள். எந்த விரலால் அங்கே திருகினாளோ அதே விரலால் ஒவ்வொரு கழுத்தையும் தடவியிருக்கிறாள். எதையும் கவனிக்காமல் விட்டிருந்தால் பாதியாவது பிழைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்து நாத்தனாரிடம் சொன்னாள். "உன் சோப்பு இல்ல. நான்தான்."

நாத்தனார் மிஷினை நிறுத்தினாள். "எத்தனை நிக்குது?"

"முப்பத்தாறு. அதுல பன்னெண்டு மத்தியானம் படுத்துடுது."

"காலையில?"

"காலையில எல்லாம் நிக்கும்."

"அப்ப அவரைக் காலையில வரச் சொல்லு. முப்பத்தஞ்சுதானே கேட்டாரு, ஒண்ணு உபரியாவே இருக்கு."

அவள் நர்சரிக்காரருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வரச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குச் செடிகள் அணிவகுப்பு மாதிரி நின்றன. செத்த நாலையும் சனிக்கிழமையே எடுத்து, அந்த இடத்தை நிரவியிருந்தார்கள். கொல்லைக் கதவுக்கு வெளியே நின்று நர்சரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. பூ என்ன அளவு பாருங்க. கழுத்து எல்லாம் மேல நிக்குது. நான் சொன்னேன்ல, கை வேணும்னு."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவைத் தள்ளினார். வெறுங்கால். இங்கிருந்து அவர் நேரே தன் நர்சரிக்குத்தான் போவார். அங்கே இருபதாயிரம் கன்று, அதை நம்பி ஏழு பெண்கள். அவர்களில் இரண்டு பேரின் முகம் இவளுக்குத் தெரியும்.

"உள்ள வராதீங்கண்ணே," என்றாள்.

கால் அந்தரத்தில் நின்றது.

"மண்ணுல அழுகல் இருக்கு. எங்க கொட்டகையில இருந்து நான் கொண்டுவந்தது."

அவர் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரு செடியைக் காட்டச் சொன்னார். அவள் பிடுங்கி நீட்டினாள். கையில் வாங்காமலே பார்த்தார். கழுத்தைப் பார்த்தார், அப்புறம் அவள் காலைப் பார்த்தார்.

"நல்லவேளை சொன்னீங்க."

"செருப்பை மாத்திக்கிறேன். குளிச்சிட்டு, வேற துணி கட்டிக்கிட்டு வர்றேன். அங்க வேலையை விட்டுடறேன், அப்புறம் வரட்டுமா?"

"உங்க வீட்டு மண்ணுலயே இருக்கேம்மா. வருஷக்கணக்குல கிடக்கும். தினமும் இதை மிதிச்சுக்கிட்டுத்தானே வருவீங்க." கழற்றிய செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "உங்க கையைப் பத்தி ஒரு சந்தேகமும் இல்ல."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். தெருக்குழாயில் காலை முட்டிவரைக்கும் கழுவிக்கொண்டு போனார்.

நாத்தனார் வெடித்தாள். "எட்டு மணிக்கு வரச் சொன்னதும் நீதான், வாசல்லயே நிறுத்தினதும் நீதான். இடையில எந்தச் சாமி வந்து உன் வாயில உக்காந்தது?"

"சொல்லாம இருந்தா வேலை கிடைச்சிருக்கும். ஒரு மாசத்துக்கு. அப்புறம் ஏழு பேருக்கும் இருக்காது."

"அந்த ஏழு பேரும் வந்து உனக்கு மூச்சு விடுவாங்களா?"

அவள் கொல்லைக் கதவைச் சாத்தினாள்.

மத்தியானத்துக்குள் பன்னிரண்டு இல்லை, பதினெட்டு துவண்டன. இரண்டு பேருமாக முப்பத்தைந்தையும் பிடுங்கிக் குவித்தார்கள். பச்சைச் செடி எரியவில்லை, புகைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றியும் புகைந்தது. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "பூவெல்லாம் நல்லாத்தானே இருக்கு, ஏன் கொளுத்துறீங்க?" என்று கேட்டாள். புகை தொண்டையில் ஏறி இவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. நாத்தனார் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "பாக்க வந்தவருக்குப் பிடிக்கல, அவ்வளவுதான்" என்று பதில் சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை ஆறரை மணிக்கு வேலைக்குப் போனாள். மூன்றாம் கொட்டகையைப் பிடுங்க ஆள் பத்தவில்லை என்று சூப்பர்வைசர் அவளை அங்கே அனுப்பினார். ஆறாயிரம் செடி. முந்தின நாளே கை பழகியிருந்ததால் மற்றவர்களைவிட வேகமாகப் பிடுங்கினாள்.