ஒரே ஓர் ஆண் பூச்சி

புதிய பூச்சி ஒன்றைக் கண்டுபிடிப்பது சுலபம். அது புதியதுதான் என்று நாலு பேரை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் ஆயுசு போய்விடும். கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டே பூச்சிக்குப் பின்னால் அலையும் என் இனத்தாருக்கு இது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கேடிஸ் பூச்சி என்று ஒன்று உண்டு. புழுப் பருவத்தில் ஓடும் தண்ணீருக்குள், மணலை வாயிலிருந்து வரும் நூலால் ஒட்டிக் கூடு கட்டி வாழும். வளர்ந்தால் மங்கிய சின்ன விட்டில்போலப் பறக்கும். தொண்ணூறுகளில் பாபநாசத்துக்குப் பக்கத்தில், ஒரு வாய்க்கால் மதகடியில் நான் பார்த்த புழுவின் தலையில் இருந்த புள்ளிக்கோலம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் புழுவைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள், பெண் பூச்சியைக் காட்டினாலும் ஏற்க மாட்டார்கள். ஆண் பூச்சியின் வால்நுனியைப் படம் வரைந்து காட்டினால்தான் புது இனம். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஓர் ஆண்.

மதகடி விசாரணை

மதகை ஒட்டிய வயல் கோவிந்தராஜுடையது. முழங்கால் தண்ணீரில் நின்று கல்லைப் புரட்டிக்கொண்டிருந்த என்னை இரண்டு நாள் வரப்பிலிருந்தே பார்த்தார். மூன்றாம் நாள் இறங்கி வந்துவிட்டார். நெல்லைத் தின்னுமா என்றார். தின்னாது என்றேன். நெல்லைத் தின்கிற பூச்சியையாவது பிடித்துத் தின்னுமா என்றார். அதுவும் இல்லை என்றேன். என்மேல் அவருக்கு உண்மையான இரக்கம் வந்துவிட்டது.

"கெட்டதும் பண்ணாது, நல்லதும் பண்ணாதுன்னா, அதை விட்டுட்டு வேற ஏதாவது தேடக்கூடாதா டீச்சர்?"

வெள்ளை வேட்டி

வளர்ந்த பூச்சி பொழுது சாய்ந்ததும் வெளிச்சத்துக்கு வரும். மதகடியில் இரண்டு மூங்கில் நட்டு, அப்பாவின் எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டி, முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கை வைத்தேன். என் கழுத்தில் சிலுவைச் சங்கிலி வேறு. கால் மணி நேரத்தில் எதிரே இருபது பேர் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் குப்பியும் கையுமாகப் பூச்சி பிடிப்பதை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று விழுந்தது அத்தனையும் பெண். விளக்கை அணைத்தபோது முன்வரிசை அம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"பாட்டும் இல்ல, ஜெபமும் இல்ல. நாளைக்காவது பாஸ்டரைக் கூட்டிட்டு வருவீங்களா?"

நல்ல தண்ணீர்

பறக்கிற ஆண் அகப்படாவிட்டால் புழுவை வளர்த்துப் பார்ப்போம் என்று லேபில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்தேன். வாய்க்கால் தண்ணீரைக் குடத்தில் பஸ்ஸிலேயே கொண்டு வருவேன். கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் கிழிப்பார். ஐந்து வாரத்தில் பதினொரு புழுக்கள் கூட்டை மூடிக்கொண்டு, பூச்சியாக மாறத் தயாராகிவிட்டன. அதில் ஒன்றாவது ஆணாக இருக்காதா?

ஒரு கல்யாணத்துக்குத் திருச்சி போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்தேன். தொட்டித் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. முகர்ந்து பார்த்தேன், ப்ளீச்சிங் பவுடர் வாடை. குழாய்த் தண்ணீர்! பதினொன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. லேப் உதவியாளர் செபாஸ்டியன் தங்கமான மனிதர், அவரைத் திட்டவும் வாய் வரவில்லை.

"வாய்க்கா தண்ணி கலங்கலா இருந்துச்சு மேடம். பாவம்னு நல்ல தண்ணி மாத்துனேன்."

மஸ்கட்டிலிருந்து போன்

கடைசியில் அடுத்த ஐப்பசியில் வேட்டியில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தது. ஒன்றே ஒன்று. வால்நுனியை வெட்டிக் காரக் கரைசலில் மெல்லச் சூடாக்கினால் சதை கரைந்து, ஓட்டின் வடிவம் தெளியும். சூடு அதிகமானால் அந்த வடிவமும் குலைந்துவிடும். பாதியில் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். நுனி மூன்றாகப் பிரிந்திருந்தது. நான் படித்த எதிலும் அப்படி ஒன்று கிடையாது. இன்னும் இரண்டு நிமிஷம் தெளிந்தால் வரைந்துவிடலாம் என்று திரும்பவும் ஸ்பிரிட் விளக்கின் மேல் வைத்தேன்.

அப்போதுதான் ஆபீசிலிருந்து ஆள் வந்தார். மஸ்கட்டில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கும் என் கணவர் போனில் இருந்தார். எனக்கு விசா வந்துவிட்டதாம், அங்கே பள்ளிக்கூடத்தில் வேலையும் பேசிவிட்டாராம். ஒரே ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள் என்று கெஞ்சினேன். "பூச்சியா, நானா?" என்றார். ஆபீசே கேட்கும்படி சண்டை போட்டோம். திரும்பி வந்தால் கிண்ணத்தில் உருவமற்ற ஒரு பிசிறு கிடந்தது. விளக்கை அணைக்காமல் ஓடியது நான்தான். இன்னொருவர்மேல் பழி போடக்கூட வழியில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்துத் துறை மேடம் எட்டிப் பார்த்தார்.

"விசா வந்ததுக்கு யாராவது அழுவாங்களா? முதல்ல ஸ்வீட் வாங்குங்க!"

கார்னர் மனை

கேட்ட ஒரு வருஷத்தைக் கணவர் கொடுத்தார், ஆனால் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மறு வருஷம் ஆற்றில் தண்ணீர் விட்ட வாரமே ஓடினேன். மதகைக் காணோம். கோவிந்தராஜின் மகன் சிங்கப்பூரில் இருந்தார். பயிர் வைக்க ஆள் இல்லாமல் வயலை மனையாகப் பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். வாய்க்கால் சிமெண்டுக் குழாய்க்குள் போயிருந்தது. அன்றும், அதற்குப் பிறகு இரண்டு மாதமும், மேலும் கீழும் இருந்த மதகெல்லாம் இறங்கிக் கல் கல்லாகப் புரட்டினேன். அந்தப் புழு எங்குமே இல்லை. இனி இருக்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் நாள் நான் திகைத்து நின்றதைப் பார்த்துக் கோவிந்தராஜ் சிரித்த முகமாக ஓடி வந்தார்.

"வாங்க டீச்சர், கார்னர் மனை ஒண்ணை யாருக்கும் குடுக்காம உங்களுக்குன்னே வச்சிருக்கேன். நீங்க தினம் நின்னீங்களே, அதே இடம்!"

இப்போது மஸ்கட்டில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் நான், உலகத்தில் வேறு யாருமே பார்த்திராத ஒரு பூச்சியைப் பார்த்தவள் என்பதற்கு என் வார்த்தையைத் தவிர வேறு சாட்சி இல்லை. சாட்சி இல்லாத விடையை நானே பரீட்சைத் தாளில் சிவப்பு மையால் அடித்துவிடுகிறேன்.