கள்ளப்பாட்டுக்குக் கொண்டுபோன ரோச் லைற்

திங்கட்கிழமை, காலை 6.10. உருத்திரபுரத்தில் வீட்டை விட்டு இறங்கும்போது வாசல் மின்குமிழ் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. விடிந்துவிட்டது, அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. சென்ற மாதம் என் மகன் ரூபன் ஓர் இரவு முழுவதும் முல்லைத்தீவுக் கடலில் காணாமல் போயிருந்தான். அன்றிலிருந்து பொழுதுபட்டால் அந்தக் குமிழைப் போடுகிறேன். அறுபது கிலோமீற்றருக்கு அப்பால், கடலில் நிற்பவனுக்கு எங்கள் வாசல் வெளிச்சம் தெரியாது. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிற எனக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் எரிகிறது.

கணவர் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சி பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். அறுவடை முடிந்த காலம். வீதியின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காயவிட்டிருந்தார்கள். மறு பாதியில் வாகனங்கள் வழிவிட்டு வழிவிட்டு ஊர்ந்தன. இறங்கும்போது அவர் ஒன்றுதான் சொன்னார்.

"ரூபனிட்ட வயலைப் பாக்க ஆள் தேவை எண்டு சொல்லும். கடலை விட்டிட்டு வரச் சொல்லும்."

பார்க்கிறேன் என்றேன். என் கைப்பைக்குள் வேறொரு திட்டம் இருந்தது.

அது ஒரு ரோச் லைற். கொழும்புக் கடையொன்றிலிருந்து பார்சலில் எடுப்பித்தேன். விலை பதினாறாயிரத்து ஐந்நூறு ரூபாய். என் நடுவிரலின் நீளம், பெருவிரலை விடச் சற்றுத் தடிப்பு. பார்சலைப் பிரித்தபோது ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். கையில் எடுத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. அளவுக்கு மிஞ்சிய பாரம், குளிர்ந்த உலோகம், மூடி திரும்பும் இடத்தில் நீர் புகாத ரப்பர் வளையம். தொலைபேசியின் வயரிலேயே சார்ஜ் ஏறுகிறது. முதல் நாள் இரவு வயலைப் பார்த்து அழுத்தினேன். தூரத்து வரம்பில் நின்ற பனையின் ஓலைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

இவ்வளவு பணம் கொடுத்ததற்குக் காரணம் அதன் வெளிச்சம் மட்டுமல்ல. எத்தனை தரம் அழுத்தினால் என்ன செய்ய வேண்டும், எவ்வளவு பிரகாசமாக எரிய வேண்டும், எத்தனை நிமிடத்தில் தானாக அணைய வேண்டும் என்பதையெல்லாம் அந்த ஒரே பொத்தானால் நாமே மாற்றி அமைக்கலாம்.

ரூபன் கலியாணம் முடித்தது முல்லைத்தீவுக் கரையில் உள்ள கள்ளப்பாட்டில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில். மாமனாரின் போட்டில் அவருடனேயே தொழிலுக்குப் போகிறான். காணாமல் போன அன்று எஞ்சின் நின்று, நீரோட்டம் அவர்களை வெளியே இழுத்துக்கொண்டு போனது. கைத்தொலைபேசிகளுக்கு அங்கே சிக்னல் இல்லை. இருட்டில் இன்னொரு போட் சற்றுத் தள்ளிக் கடந்து போயிருக்கிறது. ரூபன் பைக்குள் கையை விட்டுத் தன் பழைய ரோச் லைற்றை எடுத்து அழுத்தினான். எரியவில்லை. பகல் முழுவதும் பைக்குள் எதிலோ அழுத்துப்பட்டு, யாரும் அறியாமல் எரிந்து, சார்ஜ் தீர்ந்து கிடந்திருக்கிறது. மறுநாள் பின்னேரம்தான் வேறு ஆட்கள் கண்டு, கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். எஞ்சினைத் திருத்தி, இந்தத் திங்கட்கிழமை பின்னேரம் முதல் தடவையாகத் திரும்பவும் போகிறார்கள். அதற்கு முன் நான் அங்கே போய்ச் சேர வேண்டும்.

காலை 7.20. முல்லைத்தீவு பஸ் புறப்பட்டது. கட்டணம் இருநூற்று எழுபது ரூபாய். பரந்தன் சந்தியில் நேரே போனால் ஆனையிறவு. நாங்கள் கிழக்கே திரும்பினோம். அங்கிருந்து முல்லைத்தீவு ஐம்பத்திரண்டு கிலோமீற்றர். தருமபுரம் தாண்டும்போது, மடியில் கைப்பையை வைத்து அதற்குள்ளேயே ரோச் லைற்றை அழுத்தி அழுத்திப் பாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முருங்கைக்காய்ச் சாக்குடன் இருந்த அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி, லிப்ஸ்ரிக்கோ?"

ரோச் லைற் என்று காட்டினேன். நடத்துநர் எட்டிப் பார்த்தார். "பட்டப்பகல்ல லைற் பிடிச்சு ஆரை ரீச்சர் தேடுறியள்? மிச்சக் காசு கேட்டால் நான் தருவன்தானே." பின்சீற்று முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு விசுவமடு வரும்வரை எல்லாம் விளங்கப்படுத்தினேன். பொத்தானை அழுத்தினால் முழு வெளிச்சம். மினுக்கங்களையும் மங்கல் வெளிச்சத்தையும் எடுத்துவிட்டேன்; பதற்றத்தில் விரல் எப்படி அழுத்தினாலும் முழு வெளிச்சமே வரும். அதோடு, ஐந்து நிமிடத்தில் தானாக அணையும்படியும் அமைத்துவிட்டேன். இனி அது பைக்குள் கிடந்து எரிந்து தீராது. அவர் சாக்கைத் தூக்கிக்கொண்டு எழும்போது, "பிள்ளையும் அப்பிடிச் சொல்லுக் கேட்டால் நல்லது" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

புதுக்குடியிருப்புக்குப் பிறகு பஸ்ஸில் பேச்சுக் குறைந்தது. வட்டுவாகல் பாலம் வரையான, கடைசி யுத்தம் நடந்த அந்தப் பாதையைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை. கடந்தேன் என்று மட்டும் எழுதுகிறேன். பாலத்தில் இரு பக்கமும் தண்ணீர் மிக அருகே இருந்தது. முன்சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

காலை 9.45. முல்லைத்தீவு. அங்கிருந்து கள்ளப்பாட்டுக்கு ஓட்டோ முந்நூறு ரூபாய். காற்றில் கருவாட்டு மணமும் எஞ்சின் எண்ணெய் மணமும் கலந்திருந்தன. மருமகள் ஜெனிற்றா வாசல் படலையடியில் நின்றாள். முகம் இறுகியிருந்தது. நான் தன் புருஷனைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறேன் என்று அவள் எண்ணியது, பையை வாங்கிய விதத்திலேயே தெரிந்தது. தேநீர் குடித்து முடித்தோம். பிறகு நான், ரூபன் கடலுக்குக் கொண்டுபோகட்டும் என்று ரோச் லைற்றை எடுத்து மேசையில் வைத்தேன். அதைக் கண்டதும் அவள் இரண்டாவது கோப்பை கேளாமலே ஊற்றினாள்.

குசினி யன்னலைச் சாத்தி இருட்டாக்கிவிட்டு நால்வரும் சுற்றி நின்றோம். ரூபன் அழுத்தினான். கூரைத் தகரத்தின் ஆணிகள் எல்லாம் பளிச்சிட்டன. சம்பந்தி, அதாவது ஜெனிற்றாவின் தகப்பனார், அதை வாளித் தண்ணீருக்குள் போட்டார். தண்ணீர் முழுவதும் வெளிச்சமாகிச் சுவரில் அலையடித்தது. நான் பொத்தானின் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. எவ்வளவு நேரம் கதைத்தேனோ, வாளி திடீரென்று இருண்டது.

"ஆரம்மா அணைச்சது?" என்றான் ரூபன்.

"தானா அணைஞ்சது. ஐஞ்சு நிமிசத்துக்கு மேல எரியாது. நான்தான் அப்பிடிச் செய்தனான்."

பாராட்டை எதிர்பார்த்தேன். ஜெனிற்றா யன்னலைத் திறந்தாள். ரூபன் வாளிக்குள் கைவிட்டு அதை எடுத்துத் துடைத்தான்.

"அண்டைக்கு மாமா எஞ்சினோட மல்லுக்கட்டினவர். நான் தண்ணி இறைச்சனான். இது இருந்திருந்தால் முன் அணியத்தில கட்டிப்போட்டிருப்பம். ஐஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா முன்னுக்கு ஓடிப்போய் அழுத்த அங்க ஆரம்மா இருக்கினம்?" குரலைத் தணித்தான். "வாற போட்டுக்காரன் வெளிச்சத்தைக் கண்டு திரும்புவான். பாதி வழியில அது அணைஞ்சால், இவங்கள் வெளிக்கிட்டுப் போட்டாங்கள் எண்டு தன்ர பாட்டில போயிடுவான்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பையில் வீணாகாமல் இருக்க வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்த எனக்கு, எரிய வேண்டிய நேரத்தில் எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற எண்ணம் வரவேயில்லை. பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. போட் இறக்குவது நான்கு மணிக்கு.

"நானே மாத்தித் தாறன்" என்றேன்.

மாற்றுவது இப்படி. அணைந்த நிலையில் பத்துத் தரம் விரைவாக அழுத்த வேண்டும். கடைசி அழுத்தலில் பொத்தானை விடாமல் பிடித்தால் மினுக்கத் தொடங்கும். மூன்றாவது மினுக்கத்தில் கையை விட்டால், நேரக் கணக்கு. அப்போது வெளிச்சம் சில விநாடிகள் மெல்லத் துடிக்கும். அதற்குள் எத்தனை தரம் அழுத்துகிறோமோ, அத்தனை நிமிடம். தானாக அணையவே கூடாது என்றால் ஒரு தரமும் அழுத்தக்கூடாது. சும்மா இருக்க வேண்டும்.

அது எனக்கு வரவில்லை. வெளிச்சம் துடிக்கத் தொடங்கியதும் பெருவிரல் தானாக அழுத்திவிடுகிறது. முதல் முறை ஒரு நிமிடத்தில் அணைந்தது. அடுத்த முறை இரண்டு நிமிடம். ஒவ்வொரு முறையும் அணைகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். சோறு ஆறிப்போனது. ரூபன் தான் செய்து தருவதாகச் சொன்னான், நான் கொடுக்கவில்லை. பிழை என்னுடையது, திருத்தமும் என் கையால் வர வேண்டும் என்ற பிடிவாதம்.

வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சம்பந்தி தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"ரீச்சர், சோதினைப் பேப்பர் குடுக்குமட்டும் பிள்ளையளைக் கையைக் கட்டச் சொல்லுவியள்தானே. இப்ப நீங்கள் கட்டுங்கோ."

ஜெனிற்றா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பத்துத் தரம் அழுத்திப் பிடித்து, மூன்றாவது மினுக்கத்தில் விட்டு, ரோச் லைற்றை மேசையில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டேன். வெளிச்சம் துடித்தது. என் பெருவிரல் கமக்கட்டுக்குள் துடித்தது. பிறகு இரண்டும் நின்றன. அழுத்தி வாளிக்குள் எரியவிட்டோம். ஐந்து நிமிடம் போனது. பத்துப் போனது. சாப்பிட்டு, கோப்பை கழுவி முடித்த பிறகும் வாளிக்குள் எரிந்துகொண்டிருந்தது.

"அப்ப பைக்குள்ள திரும்பவும் அழுத்துப்பட்டால்?" என்றேன்.

"பையில ஏன் வைக்கவேணும் மாமி? கழுத்தில போடட்டும்" என்றாள் ஜெனிற்றா. வலை நூலை மூன்றாக முறுக்கி, ரோச் லைற்றின் வளையத்தில் கோத்து, பல்லால் முடிச்சை இறுக்கி, குறைந்த சார்ஜ் ஏறி முடிந்ததும் புருஷனின் கழுத்தில் போட்டாள். இரவெல்லாம் நான் யோசித்த சிக்கல், நூல் துண்டொன்றில் முடிந்தது.

பின்னேரம் 4.00. கடற்கரையில் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து போட்டைத் தள்ளினார்கள். நானும் ஒரு பக்கம் கை வைத்தேன். தள்ளினேனா, பிடித்து இழுத்தேனா என்று சொல்ல முடியாது. கணவர் சொல்லிவிட்ட சேதி வாய் வரை வந்தது. ரூபன் இடுப்பளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தான். முதல் நாளென்றபடியால் தூரம் போகமாட்டோம் என்றும், இருண்டதும் கரைக்கு வெளிச்சம் காட்டுவதாகவும் சொன்னான்.

"போட்டு வாறனம்மா."

"ஓம், போட்டு வா" என்றேன். வயலைப் பற்றிச் சொல்லவில்லை. எஞ்சின் முதல் இழுப்பில் பிடிக்கவில்லை, இரண்டாவதில் பிடித்தது.

மாலை 6.50. நானும் ஜெனிற்றாவும் மணலில் நின்றோம். கடலும் வானமும் ஒன்றாகிவிட்ட நேரம். அங்குமிங்கும் வேறு போட்டுகளின் மங்கலான வெளிச்சங்கள். ஜெனிற்றாதான் முதலில் கண்டாள். என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். வெள்ளையாக, அரிசி மணியளவில், மற்றவை எல்லாவற்றையும் விடக் கூர்மையாக ஒன்று. அசையாமல் நின்றது. தொலைபேசியில் நேரம் பார்த்தேன். ஐந்து நிமிடம் ஆனது. வெளிச்சம் அணையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் எரிந்தது. பிறகு அணைந்தது.

அது தானாக அணைந்ததல்ல. அவன் கை அணைத்தது. அது எனக்குத் தெரியும், நானே அமைத்த கருவி. ஆனாலும் தொலைபேசியில் அவன் பெயருக்கு மேலே என் பெருவிரல் வந்து நின்றது. ஜெனிற்றா அதைப் பார்த்தாள். நான் தொலைபேசியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு அவளுடன் வீட்டுக்கு நடந்தேன்.

செவ்வாய்க்கிழமை, காலை 6.30. போட் வந்தது. மீன் அவ்வளவாக இல்லை. ரூபனின் கழுத்தில் நூல் உப்பேறி விறைத்திருந்தது. வலையில் சிக்கல் எடுக்க ஒரு தரம் அழுத்தியதாகவும், சம்பந்தி கண் கூசி ஏசியதாகவும் சொன்னான். வேறெதுவும் நான் கேட்கவில்லை. பத்து மணிப் பஸ்ஸுக்குப் புறப்பட்டுப் படலையடியில் நின்றபோது ஜெனிற்றா ஒரு பொதி பாரைக் கருவாட்டை என் பைக்குள் திணித்தாள். "அடுத்தமுறை மாமாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ மாமி, போட் தள்ள ஆள் காணாது" என்றாள்.

உருத்திரபுரத்தில் கடல் இல்லை. பொழுதுபட்டால் வாய்க்கால் தண்ணீர்ச் சத்தமும், தூரத்தில் ஏதோ ஓர் உழவு இயந்திரமும்தான். நடந்ததை எல்லாம் கணவருக்குச் சொன்னேன். வயலைப் பற்றி அவனிடம் சொன்னீரா என்று அவர் கேட்கவில்லை. இருட்டியதும் எனக்கு முன்னால் அவரே எழும்பி வாசல் குமிழின் ஆளியில் கையை வைத்தார்.

"போடவோ?"

"வேண்டாம். தேவையெண்டால் அவன் தன்ர லைற்றைப் போடுவான்."

அவர் ஆளியிலிருந்து கையை எடுத்தார். பிறகு வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். வாசல் இருட்டாக இருந்தது. நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.