ஊசி சிக்கிய இடம்

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய கொஞ்ச நாளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் வந்து சேர்ந்தது. பிரெஞ்சிலேயே படித்து, பிரெஞ்சிலேயே தேறி வாத்தியாரான என் தலையில் அந்த வகுப்பைக் கட்டினார்கள். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் படிப்பேன். வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான் வரும். எனக்கு வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை.

எங்கள் தெருவில் சிங்கப்பூர் வியாபாரம் செய்த மரைக்காயர் வீட்டில் ஒரு கிராமபோன் பெட்டியும், ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் இசைத்தட்டும் இருந்தன. கேட்டதும், "தாராளமா எடுத்துட்டுப் போங்க வாத்தியாரே, புள்ளைங்களுக்குத்தானே" என்று கொடுத்துவிட்டார்.

அதை வைத்துப் பாடக்குறிப்பு எழுதினேன். முதலில் கண்ணை மூடிக்கொண்டு தட்டைக் கேட்க வேண்டும். அடுத்து, வரிவரியாக அதோடு சேர்ந்து சொல்ல வேண்டும். பிறகு பெட்டியை நிறுத்திவிட்டுத் தாங்களாகச் சொல்ல வேண்டும். ஆங்கில வகுப்பு எப்போது வரும் என்று பிள்ளைகள் தவம் கிடந்தார்கள். நானோ மற்ற வாத்தியார்களிடம், "வெறுங்கையோட பாடம் நடத்துறதெல்லாம் இனிமே பழைய கதைங்க" என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

தட்டில் ஓரிடத்தில் கீறல் இருந்தது. "தி போட் இஸ்" என்றதும் ஊசி சிக்கி, "தி போட் இஸ், தி போட் இஸ்" என்று புலம்பும். ஆள்காட்டி விரலால் ஊசியை மெல்லத் தள்ளுவேன். "கமிங் ஹோம்" என்று தட்டு மேலே போகும். ஒவ்வொரு வகுப்பிலும் இதே கதைதான்; பெட்டியை நிறுத்திவிட்டுச் சொல்லவைக்க நேரமே மிஞ்சாது.

புதுச்சேரியிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஆங்கிலம் தேறாத வாத்தியார்களை அரிச்சுவடி வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. என் பாடக்குறிப்பைப் படித்துத் திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, "பெட்டி அப்படியே இருக்கட்டுங்க. அது இல்லாம கேப்போம்" என்றார்.

பிள்ளைகள் எழுந்து நின்று, தட்டின் அதே ஏற்ற இறக்கத்தோடு ஒரே குரலில் சொன்னார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "தி போட் இஸ்" வந்தது. அங்கேயே நின்றுவிட்டார்கள். "தி போட் இஸ், தி போட் இஸ், தி போட் இஸ்." குறும்பு இல்லை. அத்தனை பேரும் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழி தெரியாமல் விரலை நீட்டி வெறுங்காற்றைத் தள்ளினேன். "கமிங் ஹோம்" என்று முடித்தார்கள். என் மானம் கப்பலேறியது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "பசங்க மேல தப்பில்லைங்க. நீங்க ஒரு தடவை சரியா சொல்லிக் காட்டுங்க, திருத்திக்குவாங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

நானும் அந்தத் தட்டிடம் படித்தவன்தானே. "தி போட் இஸ்" என்றேன். அடுத்த வார்த்தை வரவில்லை. மறுபடியும் "தி போட் இஸ்" என்றேன். இந்தப் பிள்ளைகள் முன்னாலா இப்படி நிற்க வேண்டும் என்று உடம்பெல்லாம் கூசியது. கூச்சத்தில் இன்னொரு முறையும் அதையே சொன்னேன்.

முன்வரிசையில் கிளிஞ்சல்மேட்டு மீனவர் குப்பத்திலிருந்து வரும் சின்னப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். அவள் என்னைப் பார்த்தபடியே கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் காற்றை மெல்லத் தள்ளினாள்.

"கமிங் ஹோம்" என்றேன்.