முதுகு காட்டி நிக்கிற வேலை

அசையாமல் நிக்கிறதுக்குச் சம்பளம் எண்டால் சுகமான வேலைதானே எண்டு ஊர் நினைக்கும். இடுப்பு நோவுக்காரரே, நீங்களாவது என்னை நம்புங்கோ. பகலில பாக்டரி. பின்னேரம் இஞ்ச வில்லரே எண்ட பகுதியில ஒரு சித்திர வகுப்பு. பழைய ஒல்லாந்து ஓவியர்கள் கீறின உழவர், கிழங்கு கிண்டிறவையின்ர படங்களைச் சுவரில போடுவினம். அதே மாதிரி நான் குனிஞ்சு நிக்க வேணும், படிக்க வாறவை பாத்துக் கீறுவினம்.

உடுப்பு

வேலை கிடைச்சதை மனுசிக்குச் சொன்னன். பானை கழுவிக்கொண்டு நிண்டவ தண்ணியை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பிப் பாத்தா. "உடுப்போடதானே?"

மண்வெட்டி

யாழ்ப்பாணத்தில நான் நகைக்கடையில நிண்டனான். எங்கட பிரெஞ்சு கதைக்கிற மடம், அதுதான் ரீச்சர், இலங்கையெண்டால் எல்லாரும் வயலுக்கால ஏறி வந்தவை எண்டு நினைச்சிட்டா. நானும் பெருமையா மண்வெட்டியைத் தூக்கினன். கீற வந்திருந்த சென்னைத் தம்பி, ஐ.டி. வேலைக்காரன், பென்சிலை வைச்சிட்டுக் கிட்ட வந்தார். "அண்ணா, தொடப்பம் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க."

முகம்

வகுப்புக் காலம் முடிய, படங்களை மாட்டிச் சனத்துக்குக் காட்டுவினம். மனுசியும் வாறன் எண்டிட்டா. எல்லாத்திலயும் என்ர முதுகுதான். ஒண்டிலயாவது முகம் வரவேணுமே! குனிஞ்சபடியே கழுத்தை மெல்ல மெல்லத் திருப்பினன். மடம் வந்து, பிள்ளைக்குத் தலை சீவி இழுக்கிற மாதிரி அன்பா, என்ர தலையைப் பழையபடி கீழ அமத்தினா. "வேண்டாம் மிஸ்யூ, அந்தப் பழைய ஓவியர்கள் கீறினது ஆளை இல்லை, உழைப்பை."

சுவர்

மனுசி சப்பாத்துப் பனியைத் தட்டிப்போட்டு நேர உள்ள போனா. சுவர் முழுக்கக் குனிஞ்ச முதுகுகள். என்னோட கிழமை மாறி நிக்கிற எயிட்டி நாட்டுக்காரனும் அதுக்குள்ள கிடந்தான். எனக்குப் போட்டுவிடுற அதே கோட்டு, அதே தொப்பி, மரச்செருப்பும் அதே. எனக்கு வெக்கமாப் போச்சு. அவ்வளவு பெருமை கதைச்சுக் கூட்டிக்கொண்டு வந்து, காட்ட ஒரு முகமில்லை.

அவ ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு போனா. "இது நீங்கள். இது மற்ற ஆள். இந்தா, இதுவும் நீங்கள்." ஒண்டும் பிழைக்கேல்லை. எப்பிடியப்பா கண்டுபிடிச்சனீர் எண்டு கேட்டன். "விடிய நீங்கள் வேலைக்குப் போகேக்க, ஜன்னலால நான் பாக்கிறது முகத்தையோ?"

அண்டையிலயிருந்து, இடுப்பு என்ன கத்தினாலும், வீட்டுப் படி இறங்கேக்க மட்டும் நிமிந்துதான் இறங்கிறன்.